ஃபிரீசரில் படியும் பனியும் மின்கட்டணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் ஊர் வீடுகளில் இன்றும் பரவலாக இருப்பது, மேலே சிறிய ஃபிரீசரும் கீழே காய்கறித் தட்டுமாக அமைந்த ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்தான். அதில் பனி படிவது இயல்பு. படிந்த பனியை உரிய காலத்தில் கரைத்துவிட்டால் மின்சாரம் மிச்சமாகும், கம்ப்ரஸரின் ஆயுளும் கூடும். ஆனால் பனியைக் கரைப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. ஈரக்காற்று உள்ளே நுழையும் வழியைக் கண்டு அடைக்காதவரை, கரைத்த பனி சில வாரங்களில் மீண்டும் வந்து நிற்கும். கீழே உள்ள விடைகள் இவ்விரண்டையும் சேர்த்தே பேசுகின்றன.

நாம் வைக்காத தண்ணீர் ஃபிரீசருக்குள் எங்கிருந்து வருகிறது?

காற்றிலிருந்து வருகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸும் ஈரப்பதம் 75 சதவீதமும் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். ஃபிரீசரின் வெப்பநிலையான மைனஸ் 18 டிகிரியில் அதே அளவு காற்று ஏறத்தாழ ஒரு கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும், குளிர்ந்து கனத்த காற்று கீழ்வழியாகச் சரிந்து வெளியேற, ஈரக்காற்று மேல்வழியாக உள்ளே புகுகிறது. அதிலுள்ள நீராவி, பெட்டிக்குள் மிகவும் குளிர்ந்த பரப்பான ஃபிரீசர் சுவரைத் தேடிப் போய் உறைகிறது.

ஒரு முறை திறப்பதால் ஒரே ஒரு கிராம் நீர் உறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 30 முறை திறக்கும் வீட்டில் மாதத்துக்கு 900 கிராம் பனி சேரும். இதோடு, மூடாமல் வைத்த ரசமும், கழுவிய ஈரத்தோடு வைத்த கொத்தமல்லிக் கட்டும், சூடு ஆறாத சாம்பாரும் தம் பங்குக்கு நீராவியைத் தருகின்றன.

எல்லா ஃபிரிட்ஜுக்கும் இந்த வேலை தேவையா?

இல்லை. ஃபிராஸ்ட் ஃப்ரீ என்று விற்கப்படும் பெட்டிகளில், குளிர்விக்கும் குழாய்கள் தடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும். அவற்றின்மேல் படியும் பனியை உள்ளேயே உள்ள ஒரு ஹீட்டர் அவ்வப்போது தானாகக் கரைத்துவிடும். டைரக்ட் கூல் எனப்படும் ஒற்றைக் கதவுப் பெட்டிகளிலும், பெரும்பாலான டீப் ஃபிரீசர்களிலும்தான் நாமே பனியைக் கரைக்க வேண்டியிருக்கிறது. எது உங்களுடையது என்று தெரியாவிட்டால் ஃபிரீசரைத் திறந்து பாருங்கள். சுவரே குளிர்ந்து அதன்மேல் வெண்பனி படிந்திருந்தால் அது டைரக்ட் கூல். உள்ளே காற்று வரும் துளைகளும் மின்விசிறிச் சத்தமும் இருந்தால் அது ஃபிராஸ்ட் ஃப்ரீ.

பனி இருந்தால் குளிர் கூடத்தானே வேண்டும்? மின்செலவு ஏன் கூடுகிறது?

மிகப் பரவலான தவறான எண்ணம் இது. ஃபிரீசரின் அலுமினியச் சுவருக்குள் ஓடும் குளிர்பதன வாயு, பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தை அந்தச் சுவர் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. அலுமினியம் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். ஆனால் அதன்மேல் படியும் வெண்பனியில் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால், அது சுவருக்குக் கம்பளி போர்த்தியதைப் போல வெப்பத்தைத் தடுக்கிறது. காற்று நிறைந்த மிருதுவான பனிதான் கண்ணாடி போல் இறுகிய ஐஸைவிட வெப்பத்தை அதிகமாகத் தடுக்கும் என்பதால், கையால் தொட்டால் உதிரும் பனிதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

வெப்பம் சுவரை வந்தடையத் தடை ஏற்பட்டதும், அதே அளவு வெப்பத்தை எடுக்க வாயு இன்னும் தாழ்ந்த வெப்பநிலைக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்த வாயு திரவ நிலையிலிருந்து ஆவியாகும் வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் கம்ப்ரஸரின் மின்செலவு பொதுவாக 2 முதல் 4 சதவீதம் வரை கூடும் என்பது குளிர்பதனத் துறையினர் கையாளும் கணக்கு. அத்துடன் கம்ப்ரஸர் ஓடும் நேரமும் நீள்கிறது.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கீழ்ப்பகுதிக்குத் தனியாகக் குளிர்விப்பான் கிடையாது. மேலே ஃபிரீசரில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித்தான் பாலும் மாவும் குளிர்கின்றன. பனி தடித்துவிட்டால் மேலே ஐஸ் மலைபோல் நிற்க, கீழே தோசை மாவு ஒரே இரவில் புளித்துப் பொங்கும். குளிர் போதவில்லை என்று நினைத்து வீட்டார் குளிரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகான தெர்மோஸ்டாட்டை மேலும் கூட்டுவார்கள். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், சுவர் இன்னும் குளிரும், பனியும் இன்னும் தடிக்கும். கட்டணம் ஏறுவது பெரும்பாலும் இந்தச் சுழலில்தான்.

உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்?

ஒரே ஒரு சதவீதத்தைச் சொல்லி எல்லா வீட்டுக்கும் பொருத்துவது நேர்மையாகாது. பனியின் தடிமன், அறையின் வெப்பம், கதவு ரப்பரின் நிலை, பெட்டியின் வயது ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். இருந்தாலும் அளவைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கிலோ நீராவி பனியாக உறையும்போது ஏறத்தாழ 2,800 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது. யூனிட் கணக்கில் இது ஏறத்தாழ 0.8. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஃபிரிட்ஜ் ஒன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுவதாகக் கொண்டால், ஒரு கிலோ பனி உருவாவதற்கே அரை யூனிட்டுக்கு மேல் செலவாகியிருக்கும். பனியைக் கரைத்தாலும் அந்தச் செலவு திரும்பி வராது. ஈரக்காற்று நுழைவதைக் குறைத்தால் மட்டுமே அதை மிச்சப்படுத்த முடியும். பனியைக் கரைப்பதால் கிடைக்கும் மிச்சம், படிந்த பனி நாள்தோறும் ஏற்படுத்திய கூடுதல் ஓட்டம் நின்றுபோவதால் வருவது.

பெட்டியின்மேல் ஒட்டப்பட்டுள்ள நட்சத்திர அட்டையில் ஆண்டு மின்செலவு யூனிட்டில் அச்சிடப்பட்டிருக்கும். அது 200 யூனிட் என்றும், பனியால் பத்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 20 யூனிட் வீணாகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டு முறையில் இது ஒவ்வொரு பில்லிலும் மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல். தொகை சிறியதுதான். ஆனால் கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் குறையும் யூனிட்டெல்லாம் நாம் எட்டியிருக்கும் மிக உயர்ந்த படியின் விலையில் குறைகின்றன. பனி மிகத் தடித்து, ரப்பரும் நைந்து, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும் வீடுகளில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு இருக்கும். பணத்தைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், கம்ப்ரஸருக்கு ஓய்வு கிடைப்பதும் உணவு கெடாமல் இருப்பதும் இந்தச் சிறு உழைப்புக்குப் போதுமான காரணங்கள் என்றே நான் கருதுகிறேன்.

எப்போது கரைக்க வேண்டும்?

பனியின் தடிமன் அரை சென்டிமீட்டரை நெருங்கும்போது. ஏறத்தாழச் சுண்டுவிரலின் பாதி அகலம் என்று கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை என்று நாள் குறித்துச் செய்வதைவிட, கண்ணால் பார்த்துச் செய்வதே நல்லது. கோடையில் பிள்ளைகள் குளிர்ந்த நீருக்காகக் கதவைத் திறந்துகொண்டே இருக்கும் வீட்டில் இரண்டு வாரத்திலேயே இந்த அளவு வந்துவிடும். ஐஸ் டிரே அடித்தட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தாலோ, ஃபிரீசரின் சிறு கதவு மூட முடியாமல் நின்றாலோ, காலம் கடந்துவிட்டது என்று பொருள்.

எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது வசதி?

ஃபிரீசர் காலியாக இருக்கும் நாளை. புரட்டாசியில் அசைவம் வாங்காத வீடுகளுக்கு அந்த மாதம் மிகவும் ஏற்றது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம் தொடங்குவதற்குமுன் பெட்டி துப்புரவாகிவிடும். மற்றவர்கள் வாரச் சந்தைக்கோ மளிகைக்கோ போவதற்கு முந்தைய காலை நேரத்தில் செய்யலாம்.

பராமரிப்புக்காக மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் மின்தடை நாளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். அன்று எப்படியும் பெட்டியின் குளிர் குறையப்போகிறது என்பதால், தனியாக இன்னொரு நாள் அணைத்து வைக்கும் தேவை நீங்குகிறது. ஆனால் அன்று மின்விசிறி ஓடாது, பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலும் பொருளை வைக்க முடியாது. ஆகவே தெர்மாக்கோல் பெட்டி கைவசம் உள்ளவர்களுக்கும், பனி மெல்லியதாக இருக்கும் வீடுகளுக்கும் மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைப்பேன். மின்சாரம் இல்லையே என்று பிளக்கைப் பிடுங்காமல் விட்டுவிடாதீர்கள். ஈரக்கையோடு வேலை செய்துகொண்டிருக்கும்போது மின்சாரம் திரும்பி வரக்கூடும்.

முறையாகக் கரைப்பது எப்படி?

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபிரீசரில் உள்ள பொருள்களை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, செய்தித்தாளில் சுற்றித் தெர்மாக்கோல் பெட்டியில் மூடி வையுங்கள். பால், மாவு, மீதக் குழம்பு ஆகியவற்றை ஒரு பெரிய பாத்திரத்தில் வைத்துச் சுற்றிலும் ஃபிரீசரில் இருந்த ஐஸ் கட்டிகளைப் போடலாம். பெட்டியின் முன்னால் தரையில் பழைய வேட்டியையோ கோணிச் சாக்கையோ விரியுங்கள். ஃபிரீசருக்குக் கீழே இருக்கும் தட்டில் தண்ணீர் நிறைந்து வழியும் என்பதால், இடையிடையே அதை எடுத்துக் கொட்ட வேண்டும்.

கதவுகளைத் திறந்து வைத்துக் காத்திருங்கள். நம் ஊர் வெப்பத்தில் மெல்லிய பனி ஒரு மணி நேரத்துக்குள்ளும் தடித்த பனி இரண்டு மூன்று மணி நேரத்திலும் நெகிழ்ந்துவிடும். ஓரங்களில் நீர் கசிந்து, பனிக்கும் சுவருக்கும் இடையே மெல்லிய இடைவெளி தெரியத் தொடங்கியதும், கையால் மெல்ல அசைத்தாலே பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். அப்படிப் பெயர்ந்த கட்டிகளை உடனே வெளியே எடுத்துவிட்டால் மிச்சமும் விரைவாகக் கரையும்.

பிறகு வெதுவெதுப்பான நீரில் சிறிது சமையல் சோடா கலந்து துடைத்து, காய்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். சுவரில் ஈரத்தோடு பெட்டியை ஓடவிட்டால், புதிய பனிக்கான முதல் அடுக்கை நாமே போட்டுக் கொடுத்தவர்களாவோம். நீர் வடியும் பின்புறத் துளையில் மாவோ காய்கறித் துணுக்கோ அடைத்திருந்தால் வெதுநீர் ஊற்றிச் சுத்தம் செய்யுங்கள். தெர்மோஸ்டாட்டை நடு அளவில் வைத்து மீண்டும் இயக்கி, சுவர் நன்றாகக் குளிர்ந்தபின் பொருள்களை அடுக்குங்கள்.

தெர்மோஸ்டாட்டின் நடுவில் உள்ள பொத்தானை அழுத்தினால் போதாதா?

பனி மெல்லியதாக இருந்தால் போதும். அதை அழுத்தியதும் கம்ப்ரஸர் நின்று, பனி கரைந்து சுவர் வெப்பமானதும் பொத்தான் தானாக வெளியே வந்து பெட்டி மீண்டும் ஓடத் தொடங்கும். இரவு படுக்கப் போகும்போது அழுத்திவிட்டால் விடிவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் வெப்பத்தை உணரும் குழாய் ஒரே ஓர் இடத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. தடித்த பனியில் அந்த இடம் முதலில் கரைந்துவிட்டால், மற்ற இடங்களில் பனி இருக்கும்போதே பெட்டி ஓடத் தொடங்கிவிடும். பாதி கரைந்த பனி மறுபடி இறுகி உறைந்து நிற்பது இதனால்தான். பொத்தான் அழுத்திய நிலையிலும் பெட்டிக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், கையால் துடைக்கப் போகிறீர்கள் என்றால் பிளக்கைப் பிடுங்கியே ஆக வேண்டும்.

விரைவுபடுத்த வெந்நீரோ ஹேர் டிரையரோ பயன்படுத்தலாமா?

மேசை மின்விசிறிதான் முதல் தேர்வு. சற்றுத் தள்ளி, தண்ணீர் படாத இடத்தில் வைத்து ஃபிரீசரை நோக்கி ஓடவிட்டால், அறையின் வெப்பமே வேலையைச் செய்துவிடும். ஒரு கிலோ பனியைக் கரைக்க வேண்டிய 334 கிலோஜூல் வெப்பத்தை அறைக்காற்று இலவசமாகத் தருகிறது. அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, மடித்த துணியின்மேல் ஃபிரீசருக்குள் வைத்துச் சிறு கதவைச் சாத்துவதும் நல்ல முறையே. கொதிநீரை நேராகச் சுவரில் ஊற்றக் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விடும். ஹேர் டிரையரை நான் பரிந்துரைப்பதில்லை. தண்ணீர் சொட்டும் இடத்தில் மின்கருவியைக் கையில் பிடித்து நிற்பது உயிருக்கே ஆபத்து.

கத்தியால் மெதுவாகக் கொத்தி எடுத்தால் என்ன?

வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரீசரின் சுவரும் அடித்தட்டும் பார்ப்பதற்குத் தகடு போலத் தோன்றினாலும், அவை இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒன்றாக அழுத்தி நடுவில் வாயு ஓடும் பாதைகளை விட்டுச் செய்யப்பட்டவை. பனியைத் துடைத்தபின் கையால் தடவிப் பார்த்தால், அந்தப் பாதைகள் மேடு மேடாக விரலில் தட்டுப்படும். ஒட்டிக்கொண்ட ஐஸ் டிரேயை நெம்புவதற்காகச் செலுத்தும் கத்திமுனை இந்த மேட்டில்தான் இறங்கும். ‘உஸ்’ என்ற சத்தம் கேட்டால் வாயு போய்விட்டது என்று பொருள். தகட்டை மாற்றி வாயு நிரப்புவதற்கு ஆகும் செலவு, பல ஆண்டுகள் பனியைக் கரைத்து மிச்சப்படுத்திய தொகையை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

இக்காலப் பெட்டிகள் பலவற்றில் ஆர் 600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் வாயு இருக்கிறது, இது எரியக்கூடியது. எந்த வாயு என்பது பின்புறம் உள்ள அட்டையில் எழுதியிருக்கும். துளை விழுந்துவிட்டால் அடுப்பையும் எண்ணெய் விளக்கையும் அணைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, அந்த அறையில் எந்த மின்சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிடுங்கள்.

கல் உப்பு தூவலாம், எண்ணெய் தடவலாம் என்கிறார்களே?

உப்பு பனியைக் கரைக்கும், அலுமினியத்தையும் அரிக்கும். எண்ணெய் தடவினால் அடுத்த முறை பனி எளிதாகப் பெயரக்கூடும். ஆனால் பனி படிவதை அது தடுக்காது, நாளடைவில் சிக்கு வாடையும் வீசும். இரண்டும் வேண்டாம்.

எடுத்து வைத்த மீனையும் இறைச்சியையும் மீண்டும் உறைய வைக்கலாமா?

பொட்டலத்துக்குள் ஐஸ் துகள் இன்னும் தெரிந்தாலோ, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்த பொருள் அளவுக்குக் குளிர்ந்திருந்தாலோ, மீண்டும் ஃபிரீசரில் வைக்கலாம். சுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். முற்றிலும் இளகி, அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டால் உண்ண வேண்டாம். வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் இந்த வரம்பு ஒரு மணி நேரம்தான். சித்திரை, வைகாசியில் இதை மறக்கக் கூடாது. உருகிய ஐஸ்கிரீமை எந்நிலையிலும் மறுபடி உறைய வைக்காதீர்கள்.

கரைத்த சில நாள்களிலேயே மறுபடி பனி ஏறுகிறதே, ஏன்?

காற்று கசிகிறது. முதலில் கதவைச் சுற்றியுள்ள ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைப் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்கும்படி வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. நான்கு பக்கமும் இதைச் செய்ய வேண்டும். இரவில் அறை விளக்கை அணைத்து, கைபேசியின் டார்ச்சை எரியவிட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், ஒளிக்கீற்று தெரியும் இடமெல்லாம் ஓட்டைதான்.

பல நேரங்களில் ரப்பர் கெட்டிருக்காது. அதன் மடிப்புகளில் பால் பிசுக்கும் மாவும் காய்ந்து ஒட்டியிருக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் மடிப்பை விரித்துத் துடைத்தாலே பிடிப்பு திரும்பிவிடும். வளைந்துபோன ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி நேராக்கலாம். கிழிந்திருந்தால் புதிதாக மாற்றத் தயங்காதீர்கள். பெட்டியின் முன்கால் திருகுகளைச் சற்று உயர்த்தினால், பெட்டி பின்னோக்கி இலேசாகச் சாய்ந்து கதவு தானே சாத்திக்கொள்ளும்.

அடுத்தது பழக்கம். குழம்பை ஆறவைத்து மூடி வையுங்கள், கீரையை ஈரம் போக உலர்த்தி வையுங்கள். குடிப்பதற்கு ஒரு மண்பானை வைத்துவிட்டால் கோடையில் கதவு திறக்கும் தடவைகள் கணிசமாகக் குறையும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைவிட மலிவான சேமிப்பு வழி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஃபிராஸ்ட் ஃப்ரீ பெட்டியிலும் பனி பிடித்திருக்கிறதே?

அது பழுதின் அறிகுறி. ரப்பர் சரியாக இருந்தால், ஹீட்டரோ அதை இயக்கும் டைமரோ வேலை செய்யவில்லை, அல்லது நீர் வடியும் துளை அடைத்திருக்கிறது. ஒரு நாள் அணைத்து வைத்தால் சரியானதுபோல் தோன்றி, சில நாளில் மீண்டும் பிடிக்கும். மெக்கானிக்கை அழைப்பதே வழி.

மேல்மூடி வைத்த டீப் ஃபிரீசருக்கும் இதே முறைதானா?

ஆம், ஆனால் பனி மெதுவாகச் சேரும். மூடி மேல்நோக்கித் திறப்பதால் கனமான குளிர்காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. அடியில் உள்ள வடிகால் மூடியைக் கழற்றி, கீழே தட்டு வைத்தால் தண்ணீர் தானே வெளியேறும்.

மிச்சமானதை எப்படித் தெரிந்துகொள்வது?

பிளக்குக்கும் சுவர்ச் சாக்கெட்டுக்கும் இடையே பொருத்தும் சிறிய மின் அளவி கடைகளில் கிடைக்கிறது. பனியைக் கரைப்பதற்கு முன் ஒரு முழு நாளும், கரைத்துப் பொருள்களை அடுக்கி இரண்டு நாள் கழிந்தபின் ஒரு முழு நாளும் அளந்து ஒப்பிடுங்கள். கரைத்த மறுநாளே அளந்தால், பெட்டியை மீண்டும் குளிர்விக்க ஆன செலவும் கணக்கில் சேர்ந்துவிடும். இரண்டு நாள்களிலும் வெயில் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு பொருந்தாது. அளவி இல்லாதவர்கள், இரவில் கம்ப்ரஸர் எவ்வளவு நேரம் ஓடி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளலாம்.

அணைத்தவுடன் மீண்டும் போட்டால் கம்ப்ரஸர் கெடுமா?

கெட வாய்ப்புண்டு. குழாய்களுக்குள் அழுத்தம் சமமாவதற்கு ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

ஒரு மாதம் வெளியூர் போகிறோம். என்ன செய்வது?

பொருள்களை முழுவதும் எடுத்துவிட முடிந்தால், பனியைக் கரைத்து, ஈரமில்லாமல் துடைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். அந்த மாதத்தின் ஃபிரிட்ஜ் செலவு முழுவதும் மிச்சம். கதவை இறுகச் சாத்தினால் உள்ளே பூஞ்சை பிடித்து நாற்றம் வரும் என்பதால், மடித்த துணியை இடையில் செருகி, இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி கயிற்றால் கட்டிவிடுங்கள். பின்புறம் கம்ப்ரஸரின்மேல் இருக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் அதையும் கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும்.